தூக்கம் வருதுன்னு சொன்னாரா?

பச்சை என்றால் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் என்றால் நின்றுவிட்டது. பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அந்த மஞ்சள் புள்ளி விட்டுவிட்டு மினுங்கத் தொடங்கும். கூடவே கம்ப்யூட்டரிலிருந்து சின்னதாக ஒரு மணிச்சத்தம் வரும். செங்கல்பட்டுக்கு வெளியே ஜிஎஸ்டி சாலையோரம் இருந்த ஒரு லாரி கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அந்த மணிச்சத்தத்தை நிறுத்துவதுதான் என் வேலை. சத்தம் வந்ததும் ஓட்டுநருக்குப் போன் போட்டு, "அண்ணே, ஏன் வண்டி நிக்குது?" என்று கேட்க வேண்டும். அவர் சொல்கிற காரணத்தைத் திரையில் இருக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் சத்தம் அடங்கும். சாப்பாடு, டீசல், டோல்கேட், பஞ்சர், போலீஸ் என்று பட்டியல் நீளும். தூக்கம் என்று ஒன்று அதில் கிடையாது. இரவு ஓய்வு என்று ஒரு வரி உண்டு, அதுவும் மாலை ஆறு மணிக்கு மேல்தான் திரையில் தெரியும்.

ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது தடவை அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். அதனால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது. யார் வண்டி அதிகம் நின்றது, யார் அதைக் கேட்டு ஓட வைத்தார்கள் என்று மாதக் கடைசியில் மேனேஜர் பார்ப்பார். நன்றாக ஓட வைக்கிற பெண் என்று எனக்குப் பேர். கூச்சமில்லாமல் சொல்வதென்றால், அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

ஓட்டுநர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் ஆளுக்கும் பெயர். முப்பத்தாறு சாப்பிடுகிறார், தொண்ணூறு டோல்கேட்டில் நிற்கிறார் என்றுதான் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நான் சொல்லப்போகிறவர் எழுபத்தொண்ணு. ஐம்பது வயதுக்குப் பக்கம். ஊர் அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம். இருபத்தைந்து வருடமாக லாரி ஓட்டுகிறவர். இரண்டு வருடம் எனக்கு அவர் பெரும்பாலும் ஒரு குரல்தான். மற்றவர்கள் என் போன் என்றாலே எரிந்து விழுவார்கள். இவர் எடுத்ததும், "இன்னா பாப்பா, மணி அடிச்சிட்ச்சா?" என்பார். நான் கேட்பதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுவார். சில நாள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுக்கு போவ நிறுத்தனேன், அத எதுல போடுவ?" என்று கேட்பார். நான் சாப்பாடு என்று போட்டுவிடுவேன்.

அவர் என்னிடம் அதிகம் சொல்லி ஆற்றிக்கொண்டது ஓட்டுவதைப் பற்றி அல்ல, காத்திருப்பதைப் பற்றி. முன்பெல்லாம் கூட ஒரு கிளீனர் வருவாராம். ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்கலாம். இப்போது ஒரே ஆள். லோடு ஏற்றும் இடத்தில் ராத்திரியும் பகலும் வரிசை நகரும், அரை மணிக்கு ஒரு தடவை வண்டியைப் பத்தடி முன்னே தள்ள வேண்டும். கண்ணை மூடினால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். லோடு ஏற்றும் கம்பெனியின் கேட்டுக்குள் இருக்கும் கழிப்பறைக்கு டிரைவர்களை விடமாட்டார்கள். கேண்டீனில் அவர்களுக்குத் தட்டு கிடையாது. "உள்ள ஏத்தறது அவுங்க, நேரம் போறது எங்குளுது, அத ரோட்ல புடிச்சி குடுக்கணும்" என்பார். நான் காதில் போனை வைத்துக்கொண்டு அடுத்த மஞ்சள் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு தடவை அவரை நேரில் பார்த்திருக்கிறேன். பேப்பரில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்தார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம், ஒல்லி. கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சேலத்திலிருந்து வாங்கி வந்ததாக இரண்டு மாம்பழத்தை மேசைமேல் வைத்து, "வூட்ல குடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அவர் வண்டியில் இருந்தது ஒரு பெரிய ஜெனரேட்டரும் நாலைந்து தண்ணீர்ப் பம்புகளும். கோயம்புத்தூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு, கடலோரத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலுக்குப் போக வேண்டிய லோடு. ஜெனரேட்டரை இறக்கக் கிரேன் வேண்டும். கிரேனை மாலை நாலு மணி வரைக்கும்தான் பிடித்து வைத்திருந்தார்கள். காலையிலிருந்து மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து வந்து போனார். மத்தியானம் ஒன்றேகாலுக்கு, செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் சாலையில் எழுபத்தொண்ணு மஞ்சளானது. பத்து நிமிடத்தில் மணி அடித்தது. நான் போன் போட்டேன்.

"அண்ணே, ஏன் வண்டி நிக்குது?"

அன்று அவர் சிரிக்கவில்லை. "பாப்பா, நேத்து காத்தால முழிச்சவன். லோடு ஏத்தவே ராவு பன்னெண்டு ஆயிட்ச்சி. கண்ணு இழுக்குது. இங்க நெழலா கீது. ஒரு அரமணி நேரம் சாஞ்சிட்டு கெளம்பிடறேன்."

"நாலு மணிக்கு கிரேன் போயிடும்ண்ணே. இன்னும் முப்பது கிலோமீட்டர்தானே? போய் எறக்கிட்டு நிம்மதியா தூங்குங்க."

"அரமணி நேரந்தான் கேக்கறேன்."

"எனக்குத் திட்டு விழும்ண்ணே."

பின்னால் ஏதோ பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "செரி, ஒனுக்கு எதுக்கு திட்டு. போறேன்" என்றார். திரையில் புள்ளி பச்சையானது.

இதை எழுதும்போதும் நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். மணி ஒன்றரை. லோடு வண்டி முப்பது கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி தூங்கி எழுந்து அவர் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். கிரேன் நின்றிருக்கும். அவர் கேட்டதைக் கொடுக்க நேரம் இருந்தது. அதைக் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு நொடி போதும். நான் பார்க்கவில்லை. மேனேஜர் பின்னால் நின்றிருந்தார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அப்போது சாப்பிடப் போயிருந்தார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் பின்னால் புள்ளி மறுபடியும் மஞ்சளானது. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு வளைவு. மணி அடித்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. சொல்லியும் கேட்காமல் படுத்துவிட்டார் என்று எனக்குக் கோபம் வந்தது. 'டிரைவர் போன் எடுக்கவில்லை' என்று டைப் செய்தேன். நாலாவது தடவை யாரோ எடுத்தார். "இந்த டிரைவரு ஒங்க ஆளா? வண்டி பள்ளத்துல எறங்கிட்ச்சி. ஆள எடுத்துகினு இருக்காங்க, சீக்கிரம் யாராவது வாங்க" என்றார்.

வளைவில் வண்டி வளையாமல் நேராகப் போய், சாலையோரம் இருந்த ஒரு பழக்கடையை இடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் புளியமரத்தில் மோதியிருந்தது. கடைக்காரப் பெண் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போயிருந்ததால் பிழைத்தார். பிரேக் போட்ட தடம் ரோட்டில் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். டிரைவருடைய வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் நொறுங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனேன். வார்டு வாசலிலிருந்து பார்த்தேன். அவர் மனைவி கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போகவில்லை. வாங்கிக்கொண்டு போன ரொட்டியைப் பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட இதை நான் எழுதியிருக்கமாட்டேன். தெரியாமல் செய்த தவறு என்று ஒருவேளை மறந்திருப்பேன். தெரிந்தே செய்தது அடுத்த வாரம். இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். வருவதற்கு முன்னால் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். போனில் பேசியதை அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மிரட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "அவன் தூக்கம் வருதுன்னு சொன்னான், நாம போன்னு சொன்னோம்னு வந்தா, எல்லாம் நம்ம தலைல வரும்மா. உன் பேருதான் மொதல்ல வரும். எங்க வந்துட்டு இருக்கீங்கன்னு கேட்டேன்னு சொல்லிடு. அவ்ளோதான்." நான் தலையை ஆட்டினேன்.

வந்தவர் வயதானவர். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஒன்றரை மணிக்கு நீங்கள் போன் செய்திருக்கிறீர்களே, என்ன பேசினீர்கள் என்று கேட்டார். எங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன் என்றேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தூக்கம் வருதுன்னு சொன்னாரா?"

"இல்ல சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். எனக்கு அவ்வளவு லேசாக ஒரு பொய் வரும் என்று அன்றுவரை தெரியாது. எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் மேலே எழுபத்தொண்ணின் பெயரைப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் பெயர் என்ன என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மருத்துவமனையில் கேட்டபோது, ஆபீசில் சொன்னேன், கிளம்பச் சொன்னார்கள் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். என் தாளையும் அவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆபீசுக்கு எதையும் தெரிவிக்காமல் கவனக்குறைவாக ஓட்டியதாகவும், இனி வேலையில்லை என்றும் அவர் வீட்டுக்குக் கம்பெனி கடிதம் போயிற்று. கடிதத்தை டைப் செய்தது என் பக்கத்து நாற்காலிப் பெண். 'தெரிவிக்காமல்' என்பதற்கு எழுத்து சரியா என்று என்னிடம்தான் கேட்டாள். சரி என்றேன்.

எட்டு மாதம் கழித்து அந்த வேலையை விட்டேன். இப்போது சிறுசேரியில் ஓர் அலுவலகத்துக்குக் கேப் வண்டிகளை அனுப்புகிற வேலை. திரை பெரியது, புள்ளிகள் அதிகம். கேள்வி மட்டும் அதேதான். போன மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு கேப் ஓட்டுநர், சின்ன வயசுக்காரர், போனில், "மேடம், நைட்டு ட்ரிப்பு முடிச்சி அப்படியே வந்துட்டேன். கண்ணு சொக்குது. இந்த பிக்கப்ப வேற ஆளுக்கு மாத்த முடியுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்துவிட்டேன். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்பது தொண்டைவரை வந்துவிட்டது. அது எவ்வளவு தயாராக அங்கே உட்கார்ந்திருந்தது என்பதைக் கண்டுதான் பயந்தேன். "ஓரமா நிறுத்திப் படுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றேன். வேறு வண்டி போய்ச் சேர இருபது நிமிடம் தாமதமானது. ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் இரண்டு வரியில் புகார் அனுப்பினார், அவ்வளவுதான். இவ்வளவுதானா இது என்று திரையின் முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பழைய கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவரிடம் கேட்டு ஊரைத் தெரிந்துகொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தடி. முடி முழுக்க நரைத்துவிட்டது. "அண்ணே" என்றேன். அவர் முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தார், பிறகு முகம் தெளிந்தது. ஆளைப் பார்த்து அல்ல, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆபீஸ் பாப்பாவா நீ? குந்து குந்து. எங்க இவ்ளோ தூரம்?"

பஸ்ஸில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. அன்றைக்கு நீங்கள் அரை மணி நேரம் கேட்டீர்கள், நான்தான் போகச் சொன்னேன் என்றேன். அவர் காலைத் தடவிக்கொண்டு, "அத வுடு. நீ ஆபீஸ்ல குந்திகினு சொன்ன. ஸ்டியரிங் என் கைல இருந்திச்சி. நானே ஓரங்கட்டி இருக்கலாம். பேஜாரு வேணான்னு கெளம்பிட்டேன்" என்றார். அவர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். அதற்காகவே போயிருந்தேனோ என்னவோ. ஆனால் இரண்டாவது விஷயம் மிச்சமிருந்தது. விசாரிக்க வந்தவரிடம் நீங்கள் தூக்கத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று நான் சொன்னேன் என்றேன்.

"அது தெரியும். லெட்டர்ல போட்டு இருந்தாங்களே" என்றார்.

"ஏன்ண்ணே என்னை ஒரு போன் போட்டுத் திட்டல?"

"திட்டி? கால் வந்துடுமா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "காலு கூட போவுது பாப்பா. என் வூட்டுக்காரி நம்பல. நான் கேட்டேன், போவ சொன்னாங்கன்னு சொன்னா, லெட்டர்ல வேற மாரி கீதேன்றா. குடிச்சிட்டு ஓட்டி இருப்பான்னு ஊர்ல ஒரு பேச்சு. அதையும் கேட்டுகினு அஞ்சு வருசம் இருந்துட்டா" என்றார். அவர் இவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் என்னைப் பார்க்காமல் உள்ளே திரும்பி, "இங்க வா. இது இன்னா சொல்லுதுன்னு கேளு" என்று கூப்பிட்டார்.

அவர் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கதவருகில் நின்றார். நான் எழுந்து நின்றுகொண்டு சொன்னேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"அப்ப அவுரு கேட்டாரு?"

"கேட்டாரும்மா. அரை மணி நேரம் கேட்டாரு."

"நீ போன்னு சொன்ன."

"ஆமாம்மா."

"அந்த ஆபீசரு வந்து கேக்க சொல்ல, கேக்கவே இல்லன்னு சொல்லிட்ட."

"ஆமாம்மா."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரோ தடியின் முனையால் மண்ணில் ஏதோ கீறிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தபோது, நான் கெடுத்தது ஒரு காலையும் ஒரு வேலையையும் மட்டும் அல்ல என்று எனக்குப் புரிந்தது. ஐந்து வருடம் ஒரே வீட்டில், ஒருவர் சொல்ல ஒருவர் நம்பாமல் இருந்திருக்கிறார்கள். அதற்கு நான் செலவழித்தது இரண்டே சொல்.

அந்த அம்மா உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "வா" என்றார். எங்கே என்று எனக்குப் புரியவில்லை. "இத என்கிட்ட மட்டும் சொன்னா போதுமா? இவுரு தம்பி ரெண்டு தெரு தள்ளி கீறாரு. குடிச்சிட்டு ஓட்டனான்னு மொதல்ல சொன்னது அவுருதான். வந்து சொல்லு." அவர் கணவர், "ஏய், வுடு, வெயில்ல..." என்று தொடங்கினார். "நீ சும்மா இரு" என்றுவிட்டு அவர் நடந்தார்.

தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் சோற்றோடு அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் நின்று சொன்னேன். பாதியில் எனக்குக் குரல் உடைந்தது. அந்த அம்மா, "முழுசா சொல்லு" என்றார். அடுத்தது, ஊரில் மூன்று லாரி வைத்திருக்கும் ஒருவர் வீடு. கால் நொறுங்கிய பிறகு அங்கே வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையாவது கேட்டிருக்கிறார் டிரைவர் அண்ணன். பொய் சொல்கிற ஆள் நமக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார்களாம். லாரிக்காரர் கேட்டுவிட்டு, "இப்ப வந்து சொல்றியேம்மா" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது டீக்கடை. அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் டிரைவர்கள். ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கள்லாம் ஒரு தபா வண்டில ஏறி வரணும்மா" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடையில் எனக்கு நாக்கு தடுமாறவில்லை. மூன்றாவது தடவையிலேயே அது எனக்குச் சுலபமாகிவிட்டது. அன்று நான் அதிகம் கூசியது அதற்குத்தான்.

பஸ் வரும்வரை அந்த அம்மா என்னோடு சாலையோரம் நின்றிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் பேசினார். "இன்னும் ரெண்டு வூடு கீது. ஒண்ணு என் பொண்ணு வூடு. அது இன்னிக்கு ஊர்ல இல்ல. அப்பன்கிட்ட சரியா பேசி வருசக்கணக்கா ஆவுது." கொஞ்சம் நிறுத்தி, "அடுத்த ஞாயித்துக்கெழம வருவியா?" என்றார். அதை மட்டும் அவர் கட்டளையாக அல்ல, கேள்வியாகத்தான் கேட்டார்.

போனேன். நான் இறங்கும்போதே அவர் நிறுத்தத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் முன்னால் நடந்தார்.